தீவாரும் எழுத்தும் – 9: பெயரை மறைத்தார்கள், ஊரை மறைக்கவில்லை

(சென்ற வாரம்: கரம்பொனில் பிறந்த தனிநாயகம் அடிகள் 1952-இல் ‘தமிழ் கல்ச்சர்’ காலாண்டிதழைத் தொடங்கினார். உலகின் மூலைக்கொருவராக இருந்த தமிழறிஞர்கள் 1964-இல் டில்லியில் கூடி உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை அமைத்தபோது முன்னின்றவரும் அவரே. 1980 செப்டெம்பர் 1-இல் அடிகள் கண்மூடினார். ஒன்பது மாதங்கள் கழித்து யாழ்ப்பாண நூலகம் எரிந்தது.)

பண்ணைப் பாலத்தில் ஏறி, மண்டைதீவுச் சந்தியையும் அல்லைப்பிட்டியையும் தாண்டி வேலணைக்குள் போனால் தென்கரையில் சாட்டி. வெள்ளை மணல், ஆழமில்லாத கடல், சிந்தாத்திரை மாதா கோயில், ஒரு பள்ளிவாசல். அலை காலை நனைக்கும் தூரத்தில் நல்ல தண்ணீர்க் கிணறுகள். மணலுக்குள் இறங்கிய மழைநீர் உப்புநீருக்கு மேலே மெல்லிய படையாகத் தங்கி நிற்பதால் வந்த வரம் இது. சுற்றியுள்ள தீவுகளின் குடிநீர்க் கவலைக்கு இந்தக் கிணறுகள்தான் நெடுங்காலமாக மருந்து.

1990 ஓகஸ்டில் யாழ்ப்பாணக் கோட்டையின் முற்றுகையை உடைக்க இராணுவம் தீவுகளில் இறங்கியது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் தீவுப்பகுதி ஏறக்குறைய வெறுமையாகிவிட்டது. வேலணையார், புங்குடுதீவார், மண்டைதீவார் எல்லோரும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணப் பட்டினத்துக்கும், வன்னிக்கும், இராமேஸ்வரத்துக்கும் போனார்கள். வசதி வாய்த்தவர்கள் கொழும்பு வழியாகப் பாரிஸ், ரொறன்ரோ, சூரிச் என்று கிளம்பினார்கள். அந்தப் பாழ்நிலத்தைப் புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் ‘காற்றுவெளிக் கிராமம்’ என்ற தொகுப்பாக்கினார்.

போன இடத்தில் சோறு கிடைத்தது. கதைக்கத்தான் ஆளில்லை. சாட்டிக் கடலில் நண்டு பிடித்த கதையை யாருக்கும் சொல்லலாம். ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிறவர் “ஓமோம், அந்தக் கோயிலுக்குப் பின்பக்கம்தானே?” என்று இடையில் விழுந்தால்தான் அது கதை. ஊரில் காசில்லாமல் கிடைத்த அந்த ஒற்றை மறுமொழியைத் தேடி, இவர்களும் இவர்களுக்கு முன்பே புலம்பெயர்ந்தவர்களுமாக ஒரு தலைமுறை எழுத உட்கார்ந்தது. எழுதத் தொடங்கிய முதல் நாளே அவர்களுக்கு ஒரு வேலி குறுக்கே நின்றது. அதைப் போட்டது இலங்கை அரசில்லை.

*

வேலி போட்டது ஜேர்மனி. 1982-ஆம் ஆண்டின் புகலிடச் சட்டப்படி அகதி விண்ணப்பம் கொடுத்தவர் தனக்கு ஒதுக்கிய மாவட்டத்தைவிட்டு அனுமதியின்றி வெளியே போகக்கூடாது. வழக்கு முடியாமல் ஆண்டுக்கணக்காக இழுபடும். வேலை செய்வதற்கும் தடை. பக்கத்து நகரத்தில் ஒன்றுவிட்ட தம்பி இருப்பான், போய்ப் பார்க்க முடியாது. பொலிஸ் பிடித்தால் தண்டம்.

ஆள் போகமுடியாத இடத்துக்குத் தபால் போகும். அப்படித்தான் சஞ்சிகைகள் பிறந்தன. கையால் எழுதியோ, தட்டச்சுப் பொறியில் அடித்தோ, வெட்டி ஒட்டி, நிழற்பிரதி எடுத்து, முத்திரை ஒட்டி அனுப்பினார்கள். ஜேர்மனியில் ‘தூண்டில்’, நோர்வேயில் ‘சுவடுகள்’, சுவிற்சர்லாந்தில் ‘மனிதம்’, பாரிஸில் ‘ஓசை’, கனடாவில் ‘தேடல்’. பட்டியல் இன்னும் நீளும். ஆசிரியரே அச்சுக்காரர், அவரே தபால்காரர். பகலில் உணவகத்தில் கோப்பை கழுவிய கை இரவில் தலையங்கம் எழுதியது.

1988 செப்டெம்பரில் ஜேர்மனியின் ஹேர்ண நகரில் இந்தச் சஞ்சிகைக்காரர்களும் வாசகர்களும் முதல் முறையாக ஓரிடத்தில் கூடினார்கள். அதற்கு ‘இலக்கியச் சந்திப்பு’ என்று பெயர். தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, நிரந்தர அலுவலகமும் இல்லை. அடுத்த சந்திப்பை எந்த நகரத்தவர் பொறுப்பெடுக்கிறாரோ அவர் நடத்துவார். கடிதத்தில் மட்டும் சண்டை பிடித்தவர்கள் நேரில் பார்த்தும் சண்டை பிடித்தார்கள். பிறகு ஒன்றாகச் சாப்பிட்டார்கள். பல தமிழ்ச் சங்கங்களுக்கு வாய்க்காத ஆயுள் இந்தக் கட்டமைப்பில்லாத கூட்டத்துக்கு வாய்த்தது.

1993-இல் பாரிஸுக்கு வந்துசேர்ந்த அல்லைப்பிட்டிக்காரர் ஒருவரும் இந்தச் சிற்றிதழ்ச் சூழலில்தான் எழுத்தாளரானார். ஷோபாசக்தி. 2001-இல் வந்த அவருடைய ‘கொரில்லா’ நாவல் பிரெஞ்சு அரசுக்கு எழுதும் அகதி விண்ணப்பத்தோடு தொடங்கி, நம் தீவுகளின் மணலுக்குள் இறங்கும். தீவார் தங்களைப் பற்றித் தாங்களே எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தச் சுதந்திரத்துக்கு விலை கேட்கப்பட்டது. 1994 மே 1. பாரிஸில் ஒரு வீட்டுக் கதவு தட்டப்பட்டது.

*

கதவைத் தட்டியவர்கள் துப்பாக்கியோடு வந்திருந்தார்கள். கொல்லப்பட்டவர் சபாலிங்கம், பாரிஸ் தமிழ் இலக்கிய வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்தவர். சந்தேகம் விடுதலைப் புலிகள் மேல் விழுந்தது. கடல் கடந்தால் தப்பிவிட்டோம் என்று நம்பியிருந்தவர்களுக்கு அன்றோடு அந்த நம்பிக்கை போனது.

ஊரிலோ நிலைமை முன்பே தெரிந்ததுதான். ‘தோழி’ இதழை நடத்திய கவிஞர் செல்வியை 1991-இல் யாழ்ப்பாணத்தில் புலிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த ஆண்டு சர்வதேச எழுத்தாளர் அமைப்பான பென் அவருக்கு விருது அறிவித்தது. வாங்க அவர் திரும்பவில்லை. இராணுவத்தின் கையில் யாழ்ப்பாணம் வந்தபிறகும் கதை மாறவில்லை. 2000 ஒக்டோபர் 19-இல், ஊரடங்கு வேளையில், செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். எழுதுகிறவனுக்கு எந்தக் கொடியும் குடை பிடிக்கவில்லை.

அச்சிதழில் எழுதினால் அச்சகம் தெரியும், முகவரி தெரியும், யார் எழுதியது என்று இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடலாம். முகவரியே இல்லாமல் எழுதலாமா? ஆசிரியரிடம் கேட்காமல், அச்சுக்கூலி கொடுக்காமல், பெயர் போடாமல் எழுதி, உலகத்தின் மறுகோடியில் இருப்பவனை அன்றைக்கே வாசிக்க வைக்க முடியுமா? இணையம் வந்துவிட்டிருந்தது. வழி திறந்துதான் கிடந்தது. ஆனால் அந்த வழியால் போன தமிழ் மறுமுனையில் தமிழாகப் போய்ச் சேரவில்லை.

*

ஒரு மகன் ஒஸ்லோவிலிருந்து தமிழில் மின்னஞ்சல் அனுப்புகிறான் என்று வையுங்கள். ‘அம்மா’ என்று அடிக்கிறான். ரொறன்ரோவில் திறந்து பார்த்தால் திரையில் ஆங்கில எழுத்துகள்: எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, ஓர் எச். அம்மாவைக் காணவில்லை.

காரணம் இதுதான். ஈழத்தவர் பெரும்பாலும் பயன்படுத்திய ‘பாமினி’ எழுத்துருவில், ஆங்கில எம்முக்குரிய இடத்தில் ‘அ’வின் உருவத்தை வரைந்து வைத்திருந்தார்கள். கே இருந்த இடத்தில் ‘ம’, அரைப்புள்ளியில் மெய்யெழுத்தின் குற்று, எச் இருந்த இடத்தில் அரவு (‘ா’). கணினியைப் பொறுத்தவரை அவன் அடித்தது ஆங்கிலம். மேலே தமிழ் வேஷம் போட்டிருந்தது, அவ்வளவுதான். மறுமுனையில் அதே எழுத்துரு இல்லாவிட்டால் வேஷம் கலைந்துவிடும். பாமினி மட்டுமில்லை, மயிலை, அஞ்சல், கணியன் என்று ஆளுக்கொரு முறை. ஒவ்வொரு இணையத்தளமும் “முதலில் எங்கள் எழுத்துருவை இறக்குங்கள்” என்று வாசலிலேயே மறித்தது.

இந்தச் சிக்கலை அவிழ்க்க உழைத்தவர்கள் உலகமெங்கும் சிதறியிருந்தார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980-களிலேயே ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995-இல் தமிழை வலையில் ஏற்றினார். சுவிற்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 தைப்பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட ஆள் சேர்த்தார். 1999 பெப்ரவரியில் சென்னையில் ‘தமிழ்நெட் 99’ மாநாடு கூடி, பொது விசைப்பலகை ஒன்றை வகுத்தது. பொது எழுத்துக் குறியீட்டில் மட்டும் சண்டை ஓயவில்லை.

முடிவு வேறு பக்கத்திலிருந்து வந்தது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் யுனிகோட் தமிழுக்கும் 1991-லேயே 128 இடங்களை ஒதுக்கியிருந்தது. விண்டோஸ் 2000-உம் எக்ஸ்பியும் வந்த பிறகு அது வீட்டுக் கணினியில் வேலை செய்யத் தொடங்கியது. முகுந்தும் ‘தமிழா’ குழுவினரும் தந்த ‘எ-கலப்பை’, ஆங்கில விசைப்பலகையில் ஒலிப்படி அடித்தால் தமிழ் விழ வைத்தது. பழைய விண்டோஸ் 98-ஐ வைத்துத் திணறியவர்களுக்குப் பாக்கு நீரிணையின் மறுகரையில், அதிராம்பட்டினத்தில் இருந்து உமர்தம்பி கைகொடுத்தார். அவருடைய ‘தேனீ’ எழுத்துரு பக்கத்தோடு சேர்ந்தே இறங்கியது. ஜேர்மனியில் வாழ்ந்த சுரதா யாழ்வாணன் தன் ‘பொங்குதமிழ்’ மாற்றியை இணையத்தில் இலவசமாக வைத்தார். பழைய பாமினி உரையை ஒரு பெட்டியில் ஒட்டினால் பக்கத்துப் பெட்டியில் யுனிகோட் தமிழாக வரும். பத்துப் பதினைந்து வருடம் தட்டச்சிட்டுக் குவித்ததெல்லாம் ஒரு சொடுக்கில் உயிர்பெற்றது. இவர்களில் பலர் ஒருவரையொருவர் நேரில் கண்டதே இல்லை.

வாசல் திறந்தது. முதலில் உள்ளே வந்தவர்கள் யார் என்பதில்தான் ஆச்சரியம் காத்திருந்தது.

*

வந்தவர்களில் பெயர்பெற்ற எழுத்தாளர்கள் சிலரே. பொறியியலாளர்கள், கணக்காளர்கள், மாணவர்கள், இல்லத்தரசிகள், வானொலி அறிவிப்பாளர்கள்தான் கூட்டமாக வந்தார்கள். 2003-இன் தொடக்கத்தில் தமிழ் வலைப்பதிவு பிறந்தது. முதல் பதிவர் யார் என்றால் கார்த்திகேயன் ராமசாமி, நவன் என்று இரண்டு பெயர்கள் அடிபடும். கனடாவில் வாழும் மதி கந்தசாமி, யார் யார் எழுதுகிறார்கள் என்று பட்டியல் போட்டார். ‘வலைப்பூ’ என்று ஒன்றைத் தொடங்கி, வாரத்துக்கு ஒருவரை ஆசிரியராக்கி மற்றவர்களை அறிமுகம் செய்ய வைத்தார். 2004 ஓகஸ்டில் கோயம்புத்தூர்க்காரர் காசி ஆறுமுகம் ‘தமிழ்மணம்’ திரட்டியைத் தொடங்கினார். எங்கே யார் புதிதாக எழுதினாலும் அந்த முகப்பில் தலைப்பு விழும்.

தமிழ்மணத்தின் சூட்சுமம் இன்னொன்றில் இருந்தது. புதிய இடுகைகளைப் போலவே, புதிதாக மறுமொழி வந்த இடுகைகளையும் அது முகப்பில் காட்டியது. நேற்றைய பதிவுக்கு இன்று யாராவது இரண்டு வரி எழுதினால் அது மறுபடி மேலே வரும். எழுதியவரைவிடப் பதில் சொன்னவர்தான் பதிவுக்கு உயிர் கொடுத்தார். முதலாவதாகப் பின்னூட்டம் போட்டவர் ‘மீ த பர்ஸ்ட்டு’ என்று மார்தட்டுவார். அடுத்தவர் எழுத்துப்பிழை பிடிப்பார். மூன்றாமவர் ‘அனானி’யாக வந்து குடும்பத்தை இழுப்பார். பின்னால் நாலைந்து பேர் பதிவை மறந்துவிட்டு விடிய விடியக் கும்மியடிப்பார்கள். காலாண்டிதழில் மூன்று மாதம் காத்திருந்து வாங்கிய பதில் இங்கே மூன்று நிமிடத்தில் வந்தது.

ஈழத்துப் பதிவர்கள் இந்தக் கூட்டத்தில் தனியாகத் தெரிந்தார்கள். பலர் புனைபெயரில் எழுதினார்கள். ஏன் என்று இதற்கு முந்திய பக்கங்களைப் படித்தவருக்குச் சொல்லவேண்டியதில்லை. பெயரை மறைத்தவர்கள் ஊரை மட்டும் மறைக்கவில்லை. ஜேர்மனியிலிருந்து சந்திரவதனா ‘மனஓசை’யில் எழுதினார். சிட்னியிலிருந்து கானா பிரபா தன் இணுவில் கிராமத்துக் கோயிலடியையே தலைப்பாக்கி ‘மடத்துவாசல் பிள்ளையாரடி’ என்று வலைப்பதிவு தொடங்கினார். பின்னாளில் மெல்பேர்ணிலிருந்து ஜேகே எழுதிய தளத்துக்குப் பெயர் ‘படலை’, ஊர் வீட்டு வேலியின் வாசற்கதவு. யாழ்ப்பாணத்தில் அறியாத ஒருவரைச் சந்தித்தால் “தம்பி எவடம்?” என்ற கேள்வி வரும். அது பல நேரம் சாதியையும் குடும்பத்தையும் நோட்டம் பார்க்கும் கேள்வி. வலைப்பதிவிலும் அதே கேள்வி வந்தது. ஆனால் அங்கே அதற்கு அர்த்தம், “நானும் அவடம்தான், சொல்லு” என்பதாக இருந்தது.

இங்கே ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்கிறது. மக்கள் ஏன் வலைப்பதிவு எழுதினார்கள்? காசுக்காக இல்லை, ஏனென்றால் தமிழில் எழுதிக் காசு வரவில்லை. புகழ் என்றால் புனைபெயருக்குப் புகழ் வந்து என்ன பயன்? பனங்கிழங்கு அவிப்பது, கூழுக்கு எந்த மீன், ஐந்தாம் வகுப்பில் அடித்த வாத்தியார், பங்கருக்குள் கழிந்த இரவு என்று அவர்கள் எழுதியவை எந்தப் பத்திரிகை ஆசிரியரும் ‘இதில் என்ன செய்தி?’ என்று திருப்பி அனுப்பக்கூடியவை. அவற்றை நம்புவதற்கும் திருத்துவதற்கும் சாட்சி தேவைப்பட்டது. போரில் வீடு போனவனுக்குக் காணி உறுதியும் படமும் போகும். தான் வாழ்ந்தது உண்மைதான் என்று சொல்ல இன்னொரு வாய் வேண்டும். “அந்தச் சந்தியில் கடை இருந்தது இடப்பக்கம், வலப்பக்கமில்லை” என்று ஓர் அந்நியர் எழுதுகிறார். பிழை பிடித்தவர் பேச்சில் அந்தச் சந்தி மறுபடி கட்டப்படுகிறது. இந்தத் திருத்தத்துக்காகத்தான் அவர்கள் திரும்பத் திரும்ப எழுதினார்கள்.

பேச்சு பேச்சாகவே நின்றிருந்தால் இந்த அத்தியாயம் இங்கே முடியும். ஆனால் பதிவர்களும் அவர்களோடு பழகிய இளைஞர்களும் ஒரு வேலையில் இறங்கினார்கள். 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தோடு எரிந்த 97,000 நூல்களின் கணக்கு அவர்கள் மனதில் இருந்தது.

*

2005 தைப்பொங்கல். தி. கோபிநாத், மு. மயூரன் என்ற இரண்டு இளைஞர்கள் மதுரைத் திட்டத்தை முன்மாதிரியாக வைத்து, ஈழத்து நூல்களை இணையத்தில் ஏற்றும் முயற்சியைத் தொடங்கினார்கள். பெயர் ‘நூலகம்’. முதலில் ஆளுக்கொரு புத்தகமாகப் பிரித்துத் தட்டச்சிட்டார்கள். தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அடித்தளமிட்ட யாழ்ப்பாணத்தவர் இ. மயூரநாதனைப் போல, தெரிந்ததைப் பொதுவில் வைப்போம் என்ற எண்ணம் கொண்டவர்கள் சேர்ந்தார்கள். தட்டச்சிட்டுக் கரைசேராது என்று தெரிந்ததும் பக்கம் பக்கமாக ஸ்கான் செய்தார்கள். பாரிஸின் நிழற்பிரதிச் சஞ்சிகைகளும், ஊர்க் கோயில் மலர்களும், பாடசாலை ஆண்டு மலர்களும் உள்ளே வந்தன. இன்று அந்தச் சேகரம் ஒரு லட்சம் ஆவணங்களைத் தாண்டிவிட்டது. எரிந்த நூலகத்தைவிடப் பெரிதாக, எரிக்கமுடியாத இடத்தில் ஒரு நூலகம்.

அது நிமிர்ந்து எழும்புவதற்குள் யுத்தம் திரும்பி வந்தது. 2006 ஓகஸ்ட் 11-இல் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 வீதி மூடப்பட்டது. ஓரிரு நாட்களில் அல்லைப்பிட்டி பிலிப்பு நேரியார் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் மேல் ஷெல் விழுந்தது. காயப்பட்டவர்களைக் காப்பாற்ற ஓடிய பங்குத்தந்தை ஜிம் பிறவுன் அடிகளும் அவரோடு போன ஒருவரும் ஓகஸ்ட் 20-இல் காணாமல் போனார்கள். சாட்டிக்குப் போகும் அதே வீதி. அதுவரை கூழும் கிழங்கும் எழுதியவர்கள் இப்போது பெயர்களையும் திகதிகளையும் எழுதினார்கள்.

சமூகம் என்றால் இணக்கம் என்று நினைத்திருந்தவர்களுக்கு அடுத்த மூன்று வருடமும் பாடம். புலி ஆதரவு, புலி எதிர்ப்பு, தமிழ்நாட்டார், ஈழத்தார் என்று பின்னூட்டப் பெட்டிகள் போர்க்களமாயின. நேற்றுவரை ‘மச்சான்’ என்று கூப்பிட்டவர்கள் ஒருவரையொருவர் துரோகி என்றார்கள். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தபோது, வாய் ஓயாத பதிவுகள் பல நாட்கணக்கில் வெறுமையாகக் கிடந்தன.

மூன்று மாதம் கழித்து ஓர் அழைப்பு வந்தது. 2009 ஓகஸ்ட் 23, ஞாயிற்றுக்கிழமை. வெள்ளவத்தையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் இலங்கைத் தமிழ்ப் பதிவர் சந்திப்பு. எல்லோரும் நேரில் வரலாம்.

அழைப்பை இன்னொரு முறை வாசியுங்கள். சோதனைச் சாவடிகள் இன்னும் எடுக்கப்படாத கொழும்பு. ஆட்களைக் கடத்திப்போகும் வெள்ளை வான் பற்றிய பயம் போகாத காலம். அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி இருந்தாலே கேள்வி வரும். இவ்வளவு நாளும் புனைபெயரே கவசமாக இருந்தவர்களை, பகல் வெளிச்சத்தில், ஒரு மண்டபத்துக்குள் வந்து முகத்தைக் காட்டச் சொல்கிறார்கள். போனால் யார் பார்ப்பார்கள்? போகாவிட்டால் இந்த ஆறு வருடமும் யாரோடு கதைத்தோம்?

ஆட்கள் வந்தார்கள். மண்டபம் நிறைந்தது. ஆனால் அந்தப் பதிவுலகத்தைக் கலைக்கப்போகிற ஒன்று அதற்குள் நாட்டுக்குள் வந்து குடியேறிவிட்டது. அதற்குத் துப்பாக்கி இல்லை. யாரையும் அது மிரட்டவில்லை. மாறாக, உங்கள் உண்மைப் பெயரைச் சிரித்துக்கொண்டே கேட்டது. பள்ளித் தோழனைக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்றது. சபாலிங்கம் கொலைக்குப் பிறகும், ஏ-9 மூடிய பிறகும் ஓயாமல் எழுதியவர்களை இரண்டே வருடத்தில் அது எப்படி மௌனமாக்கியது? அவர்கள் விட்டுப்போன பதிவுகளில் எவை அழிந்தன, எவற்றை யார் காப்பாற்றினார்கள்?

அடுத்த வாரம்.

(தொடரும்)